கிட்டார வச்சு கம்ப்யூட்டர்ல நாதஸ்வரம் வாசிக்கணுமா: ஹெக்ஸ் பிக்கப்பா, சாஃப்ட்வேரா, இல்ல பேசாம ஒரு கீபோர்டா?

கல்யாண ரிசப்ஷன் கச்சேரியில கிட்டார் வாசிக்கற பசங்களுக்கு எல்லாம் ஒரு கட்டத்துல இந்த ஆச வந்துருது. கையில இருக்கறது எலக்ட்ரிக் கிட்டார், பாட்டுக்கு நடுவுல திடீர்னு ஒரு ஃப்ளூட் பிட்டு வருது, அடுத்த பாட்டுல நாதஸ்வரம், அதுக்கடுத்து வயலின் கூட்டமா இழுக்குது, கீபோர்டு அண்ணனுக்கும் ரெண்டு கைதானே, அப்ப நாமளே கிட்டார்ல வாசிச்சு லேப்டாப்புல இருந்து அந்த சவுண்ட வரவச்சா என்னன்னு. காரைக்குடி தேவகோட்டை பக்கம் வீட்லயே ரெக்கார்டிங் பண்ற தம்பிகளும் இதையேதான் கேக்கறாங்க. "அண்ணே, ஹெக்ஸ் பிக்கப் வாங்கவா, இல்ல சாஃப்ட்வேரே போதுமாண்ணே?" பிக்கப்னா கம்பி ஆட்டத்த கரண்ட் சிக்னலா மாத்தற சாமான், ஹெக்ஸ்னா ஆறு கம்பிக்கும் தனித்தனியா மாத்தறது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் எழுதியே வச்சுடறேன்.

என் முடிவ மொதல்லயே சொல்லிடறேன். வீட்ல உக்காந்து பாட்டு போடறவரா இருந்தா புதுசா எந்த பிக்கப்பும் வாங்காதீங்க, சாதா கிட்டார், கிட்டார லேப்டாப்போட சேக்கற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான். மேடையில ஏறி சோலோ வாசிக்கணும், அதுலயும் கமகம் இழுத்து வாசிக்கணும்னா மட்டும் ஹெக்ஸ் பிக்கப்புக்கு காசு சேருங்க. கார்டும் (பல நோட்டு சேந்து ஒலிக்கறது) டிரம்ஸும் மட்டும்தான் வேணும்னா ரெண்டுமே வேணாம், கீபோர்டுதான். ஏன்னு கேட்டா கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

கீபோர்டுல ஒரு கட்டைய அமுக்குனா அது வெறும் சுவிட்ச்தான், இன்ன நோட்டு, இவ்ளோ வேகமா அமுக்குனாங்கன்னு உடனே மிடியில, அதாவது வாத்தியமும் கம்ப்யூட்டரும் பேசிக்கற மொழியில, போயிரும். 1983-ல மிடி வந்தப்பவே கீபோர்டதான் மனசுல வச்சு செஞ்சாங்க. கிட்டார்ல அப்படி சுவிட்ச் எதுவும் கெடையாது, கம்பி ஆடுது, அந்த ஆட்டத்தப் பாத்துத்தான் இது என்ன நோட்டுன்னு மெஷின் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்க அதுக்கு டைம் வேணும். எவ்ளோ டைம்ங்கறதுலதான் எல்லா சங்கதியும் இருக்கு. தடிச்ச ஆறாவது ஸ்ட்ரிங்க ஓப்பனா தட்டுனா 82.4 ஹெர்ட்ஸ், அதாவது கம்பி ஒரு தடவ முழுசா ஆடி முடிக்கவே 12 மில்லி செகண்ட் ஆகுது. ஒரு ஆட்டத்த வச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாது, சுமாரா ரெண்டு ஆட்டமாவது பாக்கணும், ஆக 24, 25 மில்லி செகண்ட் அங்கயே போச்சு. அதுக்கு மேல பிக் பட்ட ஒடனே வர்ற அந்த "டக்" சத்தத்துல சுதியே இருக்காது, அது அடங்கணும். அப்புறம் இன்டர்ஃபேஸோட பஃபர் (சத்தத்த கொஞ்சம் கொஞ்சமா சேத்து அனுப்பற எடம்), 128 சாம்பிள்னு வச்சா 44.1 கிலோ ஹெர்ட்ஸ்ல உள்ள போகறப்ப ஒரு 3 மில்லி செகண்ட், வெளிய வர்றப்ப ஒரு 3. எல்லாம் சேத்துப் பாத்தா ஸ்பீக்கர்ல இருந்து முப்பது அடிக்கு மேல தள்ளி நின்னு வாசிக்கற மாதிரி லேட்டா கேக்கும், தபேலாக்காரர் உங்கள மொறைப்பார்.

ஆனா மெல்லிசான ஒண்ணாவது ஸ்ட்ரிங்க எடுத்துக்கங்க, 329.6 ஹெர்ட்ஸ், ஒரு ஆட்டம் 3 மில்லி செகண்ட்தான், ரெண்டு ஆட்டம் பாத்தாலும் ஆறு. அங்க லேட்டே தெரியாது. அதனால "இந்த பிக்கப்புல லேட்டன்சி ஜீரோ"ன்னு, அதாவது லேட்டே ஆகாதுன்னு, யாராவது சொன்னா, எந்த ஸ்ட்ரிங்ல வாசிச்சுப் பாத்தீங்கன்னு மட்டும் கேளுங்க. எவ்ளோ வெல கொடுத்து எத வாங்குனாலும் தடிச்ச ஸ்ட்ரிங்கோட இந்த பிரச்சனை முழுசாப் போகாது, அது கம்பியோட கணக்கு, கம்பெனியோட கணக்கு இல்ல.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. பேஸ் லைன் வாசிக்கணும்னா ஆறாவது ஸ்ட்ரிங் பக்கமே போகாதீங்க, நாலாவது ஸ்ட்ரிங்ல ரெண்டாவது ஃப்ரெட்ட (கிட்டார் கழுத்துல இருக்கற கட்டம்) அமுக்கி வாசிங்க, அது 165 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், சாஃப்ட்வேர்ல 24 செமிடோன், அதாவது ரெண்டு ஸ்தாயி, கீழ எறக்கி விட்டா பேஸ் கிட்டாரோட லோ ஈ அப்படியே வந்து நிக்கும். கை மேல இருக்கு, சத்தம் கீழ வருதேன்னு கொஞ்ச நாள் மூள கொழம்பும், அப்புறம் பழகிரும்.

இப்ப சாஃப்ட்வேர் பக்கம் வருவோம். இதுல பெரிய ஆளு ஜாம் ஆரிஜின்காரங்களோட மிடி கிட்டார் 2. சாதா கிட்டார், சாதா கேபிள், இன்டர்ஃபேஸ்ல ஹை இசட் இன்புட் (கிட்டார நேரா சொருகற எடம்), அவ்வளவுதான் தேவை. கார்டு போட்டாலும் உள்ள இருக்கற நோட்டெல்லாத்தையும் பிரிச்சு எடுத்துரும், மேக், விண்டோஸ், ஐபேட் மூணுலயும் ஓடும், காசு குடுக்கறதுக்கு முன்னாடி டிரயல் போட்டுப் பாக்கலாம். இன்னொன்னு பல பேருக்குத் தெரியவே தெரியாது, ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வச்சிருக்கீங்கன்னா அதுலயே ரீட்யூன்னு ஒரு ப்ளக்கின் (உள்ள சேக்கற குட்டி சாஃப்ட்வேர்) கூடவே வருது, சுதி சேக்கறதுக்குன்னு போட்டது, ஆனா அதுல சுதி மாறறப்ப மிடி நோட்டு அனுப்புன்னு ஒரு டிக் இருக்கு. ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான் பிடிக்கும், கமகத்துக்கெல்லாம் சுத்தமா ஒத்து வராது, ஆனா இந்த விஷயம் நமக்கு செட் ஆகுமான்னு தொட்டுப் பாக்க தனியா ஒரு பைசா செலவில்ல.

சாஃப்ட்வேர் வழியில நம்ம ஊர்ல ஒரு தனித் தலவலி இருக்கு. செட்டிநாட்டுப் பழைய வீடுகள்ல வயரிங் அப்பச்சி (அப்பா) காலத்துக்கும் முந்தி, ஐயா (தாத்தா) காலத்துல போட்டது, பாதி எடத்துல எர்த் இருக்காது, மூணு பின் பிளக்க ரெண்டு பின்னுக்குள்ள அடாப்டர் போட்டுச் சொருகி இருப்பாங்க. லேப்டாப் சார்ஜர் போட்ட ஒடனே கிட்டார்ல "ம்ம்ம்ம்"னு ஒரு ஹம் வரும், கம்பியத் தொட்டா கொறையும், கைய எடுத்தா ஏறும். சும்மா ஆம்ப்ல வாசிக்கறப்ப அது காதுக்கு எரிச்சல், அவ்வளவுதான். ஆனா நோட்டு கண்டுபிடிக்கற சாஃப்ட்வேருக்கு அந்த ஹம்மும் ஒரு நோட்டுதான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட மடங்கு 100, 150. ஆறாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட் ஜி நோட்டு 98 ஹெர்ட்ஸ், நாலாவது ஸ்ட்ரிங் ஓப்பன் டி 146.8. கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்திருக்கு பாருங்க. நீங்க கைய கட்டிக்கிட்டு சும்மா இருக்கறப்பவே லேப்டாப்புல வயலின் ஒண்ணு தானா மொனகும், பேய் வீடுன்னு ஆச்சி பயந்துக்கப் போறாங்க.

அத சரி பண்ண பெரிய செலவெல்லாம் ஒண்ணுமில்ல. வாசிக்கறப்ப லேப்டாப்ப பேட்டரியில ஓட்டுங்க, சிங்கிள் காயில் பிக்கப்ப விட்டுட்டு, ஹம்ம அடக்கற ரெட்டைக் காயில் ஹம்பக்கர் எடத்துக்கு சுவிட்ச்ச தள்ளுங்க, ஹம்பக்கர் இல்லாத ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடலா இருந்தா சுவிட்ச்சுல ரெண்டாவது இல்ல நாலாவது பொசிஷன், பெரும்பாலான ஸ்ட்ராட்ல அங்க ஹம் கொறையும். பழைய ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் லைட் ரெண்டையும் அணைங்க, மொகத்துல காத்து இல்லாம கொஞ்ச நேரம் வேர்க்கும், பரவால்ல. முடிஞ்சா எலக்ட்ரீசியனக் கூப்ட்டு அந்த ஒரு ரூமுக்காவது ஒழுங்கா எர்த் போட்டுருங்க, இது கிட்டாருக்காக மட்டும் இல்ல, ஷாக் அடிச்சா தெரியும். அக்கூஸ்டிக் கிட்டார் முன்னாடி மைக் வச்சு இதப் பண்ணலாமான்னும் கேட்டாங்க, வேணவே வேணாம், ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை, ஒசர ஒசரமா கூரை, பளபளன்னு சுண்ணாம்புச் செவரு, பட்டாலையில ஒரு நோட்டு தட்டுனா அது போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த நோட்டு வந்துரும், சாஃப்ட்வேர் ரெண்டையும் சேத்துப் பிடிச்சு சொதப்பும். நேரா கேபிள்தான்.

சாஃப்ட்வேரோட இன்னொரு கொற, நீங்க எந்த ஸ்ட்ரிங்ல வாசிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணாவது ஸ்ட்ரிங் ஓப்பன், ரெண்டாவதுல அஞ்சாவது ஃப்ரெட், மூணாவதுல ஒம்பதாவது, நாலாவதுல பதினாலாவது, நாலு எடமும் மிடியில 64-ங்கற ஒரே நம்பர்தான். பாட்டு போடறவங்களுக்கு இதனால ஒண்ணும் நட்டமில்ல. கமகம் வாசிக்கறவங்களுக்கு நட்டம் இருக்கு, அதுக்குத்தான் ஹெக்ஸ்.

ஹெக்ஸ் பிக்கப்னா ஆறு ஸ்ட்ரிங்குக்கும் ஆறு குட்டி காயில் தனித்தனியா. பிரிட்ஜுக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடுவுல இருக்கற சந்துல உக்கார வைக்கணும், கம்பிக்கும் அதுக்கும் ஒரு மில்லிமீட்டர் எடவெளிதான் இருக்கணும், ஸ்டீல் கம்பிதான் ஆகும், நைலான் கம்பி கிட்டாருக்கு இது வேலைக்கு ஆகாது. ஸ்ட்ராட் மாதிரி கிட்டார்ல எடம் தாராளமா இருக்கும், மத்ததுல மொதல்ல ஸ்கேல் வச்சு அளந்துட்டு ஆர்டர் போடுங்க. ரோலண்ட் இந்த வேலைய 1977-ல ஜிஆர் 500-ல ஆரம்பிச்சது, ஜாஸ் வாசிக்கற பேட் மெத்தீனி அதுக்கப்புறம் வந்த ஜிஆர் 300-அ இன்னும் விடாம வாசிக்கறாரு, அந்த சவுண்ட கேட்டா ட்ரம்பெட்டா கிட்டாரான்னு கொழப்பம் வரும்.

இன்னிக்கு வாங்கணும்னா ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒண்ணு ஃபிஷ்மேன் டிரிப்பிள்ப்ளே, ஒயர்லெஸ், கிட்டார்லயே மிடியா மாத்தி லேப்டாப்புல சொருகுன யூஎஸ்பி குச்சிக்கு அனுப்பிரும், கம்ப்யூட்டர் ஆளுங்களுக்குன்னே செஞ்சது. அதோட ஒயர் வச்ச தம்பி டிரிப்பிள்ப்ளே கனெக்ட். இன்னொன்னு ரோலண்டும், பாஸுங்கற (Boss) கம்பெனியும். இங்கதான் எல்லாரும் ஏமாறற எடம்: ஜிகேங்கற அவங்க ஹெக்ஸ் பிக்கப் தனியா மிடி தராது, அதுக்கு எதுத்தாப்ல ஒரு பெட்டி வேணும். ஜிகே 3-ன்னா 13 பின் ஒயரு, அதுக்கு ஜிஆர் 55, ஜிபி 10, எஸ்ஒய் 1000 மாதிரி பெட்டி. 2023-ல வந்த ஜிகே 5 வேற மாதிரி, அது டிஜிட்டல், 13 பின் சொருகற எடத்துல போகாது, ஜிஎம் 800 மாதிரி புதுப் பெட்டிதான் வேணும். பழசையும் புதுசையும் சேக்க கன்வெர்ட்டர் விக்கறாங்க, ஆனா அதுக்கும் தனிக் காசு. செகண்ட் ஹேண்ட்ல "ஜிகே பிக்கப் மட்டும், சல்லிசா தர்றேன்"னு யாராவது சொன்னா, பின் எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டு, பெட்டிக்கு எவ்ளோ ஆகும்னும் கேட்டுட்டு அப்புறம் கையில காசு குடுங்க. மொத்தத்துல ரோலண்ட் வழி கையக் கடிக்கும், ஆனா பெட்டிக்குள்ளயே சவுண்டும் இருக்கறதால மேடையில லேப்டாப் தொங்கிட்டா கூட கச்சேரி நடக்கும். மேடையில லேப்டாப் தொங்கி நிக்கற அந்த ஒரு நிமிஷத்த பாத்தவங்களுக்கு இந்த வாக்கியத்தோட அருமை புரியும்.

நான் மேடைக்கு ஒயர்லெஸ் டிரிப்பிள்ப்ளேய விட ஒயர் வச்சததான் சொல்வேன். ஒயர்லெஸ் 2.4 கிகா ஹெர்ட்ஸ்ல ஓடுது, மண்டபத்துல வைஃபையும் அங்கதான், வீடியோக்காரரோட சாமான்ல பாதியும் அங்கதான், ஐநூறு பேர் செல்லுல ப்ளூடூத்தும் அங்கதான். எப்பவும் கட் ஆகும்னு சொல்லல, ஆனா கட் ஆனா யார்கிட்டயும் போய் சண்ட போட முடியாது.

சரி, கமகம். நம்ம ஆளுங்களுக்கு இதுதானே மெயின். காரைக்குடின்னாலே வீணை ஞாபகம் வரும், காரைக்குடி பிரதர்ஸ் வாசிச்ச ஊரு பேரு இது, வீணையில ஒரே மெட்டுல (ஃப்ரெட்ல) கம்பிய இழுத்து நாலஞ்சு சுரம் வரைக்கும் ஏத்துவாங்க. கிட்டார்ல பெண்ட் பண்ணா, அதாவது கம்பிய வளைச்சா, ரெண்டு செமிடோன், நல்ல கைன்னா மூணு, அதுக்கு மேலன்னா ஸ்லைடுதான். இப்ப ச-வுல இருந்து ப-வுக்கு ஸ்லைடு போறீங்க, ஏழு செமிடோன். மிடியில இந்த வழுக்கல் போறது பிச் பெண்டுங்கற மெசேஜ்ல. பெரும்பாலான சவுண்டுகள்ல பிச் பெண்ட் ரேஞ்ச் மேல ரெண்டு, கீழ ரெண்டு செமிடோன்னுதான் செட் ஆகி வரும். நீங்க அனுப்பறது ஏழுன்னா, நாதஸ்வரம் ஏதோ ரெண்டுக்குள்ள மொனகிட்டு அபசுரமா நிக்கும். கிட்டார் பக்கமும் 12, சவுண்டு பக்கமும் 12-ன்னு ரெண்டயும் ஒண்ணா வச்சாதான் சுதி சேரும். புதுசா வாங்குனவங்க "அண்ணே பிக்கப் ஃபால்ட்டு"ன்னு சொல்றதுல பாதிக்கு மேல இந்த ஒரு செட்டிங்தான்.

அடுத்தது, பிச் பெண்டுங்கறது ஒரு சேனல் முழுசுக்கும் பொது. ஆறு ஸ்ட்ரிங்கும் ஒரே சேனல்ல போனா, ஒரு ஸ்ட்ரிங்க இழுத்தா ஒலிச்சுட்டு இருக்கற மத்த நோட்டும் சேந்து இழுபடும், கீழ சுதிக்கு விட்ட ச-வும் சேந்து ஆடும், கேக்க சகிக்காது. ஹெக்ஸ்ல ஸ்ட்ரிங்குக்கு ஒரு சேனல்னு ஆறு சேனல்ல தனித்தனியா அனுப்பலாம், மோனோ மோட்னு போட்டிருக்கும். அப்ப ஆறாவது ஸ்ட்ரிங் சுதி அசையாம நிக்கும், மேல நீங்க தோடிய எவ்ளோ வேணா ஆட்டிக்கலாம். சேனல் பிரிக்கற வசதி இப்ப சாஃப்ட்வேர்லயும் எம்பிஇ (ஒவ்வொரு நோட்டுக்கும் தனிச் சேனல் குடுக்கற மிடி முறை) வழியா வந்துருச்சு, ஆனா அதுக்கு சவுண்டு போடற ப்ளக்கினும் எம்பிஇ தெரிஞ்சதா இருக்கணும், நல்ல நாதஸ்வர, வீணை சாம்பிள்ல அது அமையறது கஷ்டம். அதே நேரம் பியானோ சவுண்டு வச்சா பிச் பெண்ட சுத்தமா ஆஃப் பண்ணிருங்க, வழுக்கற பியானோ உலகத்துலயே கெடையாது, கேட்டவுடனே கம்ப்யூட்டர்னு காட்டிக் குடுத்துரும்.

சோனஸ் ஜி2எம், ஐ2எம்னு குட்டிக் குட்டிப் பெட்டிங்க இருக்கு, ஒரு நேரத்துல ஒரு நோட்டு மட்டும் பிடிக்கும். சோலோ மட்டும் போதும்னா ஓகே, ஆனா அந்த வேலைய சாஃப்ட்வேரே செய்யறப்ப எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்ல.

வீட்ல ரெக்கார்டிங் மட்டும்தான்னா இன்னொரு வழி, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது: வாசிக்கறப்ப மிடியா மாத்தவே மாத்தாதீங்க. கிட்டார சுத்தமா, எஃபெக்ட் எதுவும் இல்லாம ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறமா மாத்துங்க. லேட்டன்சிங்கற பேச்சே அங்க இல்ல. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஏபிள்டன் லைவ் 2013-ல வந்த ஒம்பதாவது வெர்ஷன்லயே இத கொண்டு வந்துருச்சு, லாஜிக்ல ஃப்ளெக்ஸ் பிச்ல இருந்து மிடி டிராக் எடுக்கலாம். காசே வேணாம்னா ஸ்பாட்டிஃபை 2022-ல பேசிக் பிச்ச இலவசமா விட்டாங்க, பிரவுசர்லயே ஃபைல போட்டா மிடியா தந்துரும், கார்டையும் பிரிக்கும், வழுக்கலையும் ஓரளவு எடுக்கும். அதையே வச்சு நியூரல்நோட்னு ஒரு இலவச ப்ளக்கினும் இருக்கு. வாசிக்காமலே விழற கோஸ்ட் நோட்டு அங்கங்க வரும், மவுஸ எடுத்து அழிச்சு விடுங்க. நாலு பார் ஃப்ளூட் பிட்டுக்கு ஒரு டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிரும். கொற என்னன்னா வாசிக்கறப்ப காதுல கிட்டார்தான் கேக்கும், ஃப்ளூட் கேக்காது, மூச்சு விடற எடத்துல நிறுத்தி, ஃப்ளூட்டுக்கு ஏத்த மாதிரி வாசிக்கறது கஷ்டம். நாதஸ்வரம் மாதிரி நெனச்சு வாசிச்சாதான் நாதஸ்வரம் வரும், கிட்டார் மாதிரி நெனச்சா கிட்டாருக்கு நாதஸ்வர வேஷம் போட்டதாத்தான் இருக்கும்.

கீபோர்டப் பத்தி கொஞ்சம். இருபத்தஞ்சு கட்டை மிடி கீபோர்டு சின்னதா பையில போற சைஸ்ல கெடைக்குது, ஹெக்ஸ் பிக்கப் வெலைல சின்னப் பங்குதான் ஆகும். பின்னணியில நீளமா இழுக்கற பேட் சவுண்டுக்கு கார்டு பிடிக்க, டிரம்ஸ் தட்ட, அதுக்கு முன்னாடி எந்த கிட்டாரும் நிக்காது. "எனக்கு கீபோர்டு வராதுண்ணே"ன்னு சொல்றவங்க ஒரு மாசம் நாலு கார்டு பழகுனாலே அரைவாசி தேவை முடிஞ்சிரும். கிட்டார் மிடியில எங்க ஜெயிக்கும்னா வழுக்கல், இழுப்பு, அதிர்வுல மட்டும்தான், அந்த எடத்துல ஹார்மோனியம் மாதிரி கட்டை வச்ச எதுவும் கிட்ட வர முடியாது. அதனால அது உங்களுக்கு வேணுமான்னு மட்டும் யோசிங்க.

எத வாங்குனாலும் சரி, கை சுத்தம் இல்லேன்னா எதுவும் நடக்காது. ஆம்ப்ல டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கறப்ப மறைஞ்சு போற எல்லாத் தப்பும் இங்க தனித்தனி நோட்டா வெளிய வரும், பக்கத்து கம்பிய நகம் லேசா உரசுனா கூட ஒரு ட்ரம்பெட் கத்தும். வாசிக்காத கம்பிய உள்ளங்கையால அமுக்கிப் பழகணும், துருப்பிடிச்ச கம்பிய மாத்தணும், நம்ம வெயில்ல வேர்வை பட்டு சீக்கிரமே துருப்பிடிச்சிரும். அப்புறம் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுதி சரியா நிக்கறது) செட் பண்ணிருங்க, பன்னெண்டாவது ஃப்ரெட்ல சுதி தப்புற கிட்டார் மிடியிலயும் தப்பத்தான் செய்யும்.

கடைசியா, நோட்டு வாசிக்கறது இல்லாம பிளே, ஸ்டாப், ரெக்கார்ட் இதையும் கிட்டார்லயே பண்ணலாமான்னு ஒரு கேள்வி. பண்ணலாம், ரீப்பர்ல ஆக்‌ஷன் லிஸ்ட்ட தொறந்து ஷார்ட்கட்டுக்குப் பதிலா ஒரு நோட்ட வாசிச்சு விட்டா அது ஒட்டிக்கும், ஏபிள்டன்லயும் மிடி மேப் இருக்கு. எந்த நோட்ட வைக்கறதுங்கறதுதான் கேள்வி. ஆறாவது ஸ்ட்ரிங் இருபத்திரெண்டாவது ஃப்ரெட்ட யாரும் தொட மாட்டாங்கன்னு வச்சீங்கன்னா, அது மிடி நம்பர் 62, ரெண்டாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட்டும் 62, பாட்டுக்கு நடுவுல டி கார்டு போட்ட ஒடனே ரெக்கார்டிங் நின்னுரும். ஹெக்ஸ்ல ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு தனி சேனல், அதனால அங்க இது வேலை செய்யும். சாதா கிட்டார்னா 82-ல இருந்து 86 வரைக்கும் எடுங்க, 22 ஃப்ரெட் கிட்டார்ல அந்த அஞ்சு நோட்டு ஒண்ணாவது ஸ்ட்ரிங்க விட்டா வேற எங்கயும் கெடையாது.

மேடைக்குன்னா இதெல்லாம் வேணாம், ரெண்டு மூணு சுவிட்ச் வச்ச மிடி ஃபுட்சுவிட்ச் ஒண்ணு வாங்கி கால்ல வச்சுக்கங்க. அதுல மொத சுவிட்சுக்கு பிளேயும் ஸ்டாப்பும் குடுக்காதீங்க, சிசி 123-ங்கற மிடி மெசேஜ குடுங்க, ஆல் நோட்ஸ் ஆஃப், எல்லா நோட்டையும் அணைக்கறது. கிட்டார் மிடியில என்னிக்காவது ஒரு நோட்டு அணையாம மாட்டிக்கும், மைக்ல மாப்ள வீட்டுக்காரங்க மொய் வெவரம் படிக்கறப்ப பின்னாடி வயலின் விடாம இழுத்துக்கிட்டே இருந்தா, அப்ப மவுஸ தேட நேரம் இருக்காது.